கழுத்துக்கு ஒரு சவரக்கத்தி

என் தாடியைப் பற்றி இதுவரை யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜெலுத்தோங்கில் நான் லேத் ஓட்டுகிற பட்டறையில் அதற்குக் கம்பி என்று பெயர். காலையில் மழித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கன்னம் கறுத்துவிடும். என் சட்டைக் காலர்கள் எல்லாம் உள்பக்கம்தான் முதலில் நையும், கழுத்து முடி உரசியே அவற்றைத் தீர்த்துவிடும். கல்யாணமான புதிதில் மனைவி, "உங்க பக்கம் திரும்பிப் படுத்தா மூஞ்சில கோடு விழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கோபமும் எனக்கு அதே ரகம்தான். எவ்வளவு ஒட்ட மழித்து வைத்தாலும் அரை நாளில் தலை நீட்டிவிடும்.

மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முடியில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் இன்னும் இருக்கிற வழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் தலைமுடியை மட்டும் கமுக்கமாக வெட்டிக்கொண்டு தாடியை விட்டுவிடுவார்கள். கோயிலில் ஒருவன் திடீரென்று தாடியோடு வந்து நின்றால், "எத்தன மாசம் தம்பி?" என்று யாராவது ஓர் அக்கா கேட்டுவிடுவார். வயிறு தெரிவதற்கு முன்பே தாடி சேதி சொல்லிவிடும்.

எங்களுக்கு அது வழக்கத்தோடு நிற்கவில்லை. முன்பு இரண்டு முறை கரு உண்டாகி இரண்டு முறையும் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை உண்டானதும் என் மாமியார் கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் பிடித்து, பெர்ரி ஏறி எங்கள் தீவுக்கு வந்துவிட்டார். வந்த கையோடு எங்களைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மனைவியைக் கீழே உட்கார வைத்துவிட்டு நாங்கள் இருவர் மட்டும் படியேறினோம். சந்நிதிக்கு முன்னால் நின்று, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி அத்தை வேண்டிக்கொண்டார்: "புள்ள நல்லபடியா வீடு வந்து சேந்தா, மாப்ள தாடிய ஒரு முடி கொறையாம இங்க கொண்டாந்து எறக்குறோம் முருகா."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேங்காய்த் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். நேர்ந்துவிட்ட ஆட்டுக்குக்கூட ஒரு மாலை போடுவார்கள். ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. முருகன் கேட்டிருந்தால் என் விரலைக்கூடக் கொடுத்திருப்பேன், தாடி என்ன பெரிய தாடி.

தாடி வளர்ந்தது. சுற்றுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நீளத் தாடி ஆகாது என்று முதலாளி சத்தம் போட்டதால், அதை ரப்பர் பேண்டில் கட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலை பார்த்தேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதங்கள் தாண்டத் தாண்ட, காலையில் கண்ணாடி பார்க்கும்போது அந்தத் தாடியின் நீளம்தான் என் பிள்ளையின் நீளம் என்று மனதுக்குள் ஓர் எண்ணம் வந்துவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கேலி செய்வார்கள்.

வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த வாரத்தில் மனைவிக்குக் கால் வீங்கியது, கண் மங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் எங்களை வீட்டுக்கு அனுப்பவே இல்லை. அன்று மாலையே ஆபரேஷன் செய்து பிள்ளையை வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. ஏழு மாதம் நிறைந்தும் நிறையாத பிள்ளை. அவள் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கும், கால் என் கட்டைவிரல் அளவு. மூக்கில் குழாய், வாயில் குழாய், அவற்றைப் பிடித்து நிறுத்தக் கன்னத்தில் பிளாஸ்திரி. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மூச்சு விடுவதைப் பார்த்தால், விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

மனைவி வேறு மாடியில் இருந்தாள். அழுத்தம் இறங்கவில்லை, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எழுந்து உட்காரவே இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளையை அவள் என் கைப்பேசிப் படத்தில்தான் பார்த்தாள்.

குழந்தைகள் வார்டில் ஒரு மலாய் மிஸ்ஸி இருந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். நடுத்தர வயது, அதிகம் சிரிக்காதவர். அவர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, பாதி மலாயும் பாதி இங்கிலீஷுமாக விளக்கினார். பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் படுக்க வைத்தால் அதன் மூச்சு சீராகும், உடம்பு சூடு நிற்கும், எடையும் ஏறும். அம்மாதான் செய்ய வேண்டும். அம்மாவால் முடியாதபோது அப்பா செய்யலாம்.

"நான் செய்றேன் மிஸ்ஸி" என்றேன், சட்டைப் பொத்தானில் கையே வைத்துவிட்டேன்.

அவர் என் தாடியைப் பார்த்தார். ஐயா என்பதை மலாயில் என்சிக் என்பார்கள். "என்சிக், இது இருந்தா முடியாது. பாப்பா தலை இங்க வரும்" என்று என் தாடைக்குக் கீழே காட்டினார். "குழாய் மாட்டிக்கும், பிளாஸ்டர் ஒட்டிக்கும். நீங்க திரும்பினா குழாயோட வந்துரும்." பிறகு ஒரு முகக்கவசத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "மாஸ்க்குக்குள்ள போறது இருக்கட்டும். மாஸ்க்குக்குக் கீழ இருக்கறது போகணும்."

பிள்ளை பிறந்துவிட்டது, வழக்கப்படி பார்த்தால் மழிக்கலாம். ஆனால் வேண்டுதல் வழக்கத்தைவிடப் பெரியது. பிள்ளை வீடு வந்து சேர்ந்த பிறகு, மலையில், ஒரு முடி குறையாமல். நேர்ந்தது நானாக இருந்தால் அங்கேயே கத்திரிக்கோல் கேட்டிருப்பேன். நேர்ந்தது அத்தை. தாய் தன் மகளின் வயிற்றுக்காகக் கொடுத்த வாக்கு. அதைப் பாதியில் அறுக்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு பயம் வந்தது. பயம்தான் அது, மரியாதை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவனுக்குச் சாமியிடம் வம்பு வைத்துக்கொள்ளத் தைரியம் வராது.

மாடியேறி மனைவியின் வார்டுக்குப் போனேன். அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மிஸ்ஸி சொன்னதை அப்படியே சொன்னேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "சாமிக்கு நேந்தது மாப்ள. அதுல பாதிய எடுத்துட்டு மிச்சத்த கொண்டு போயி குடுப்பீங்களா? வீட்டுல படையல் போடறப்ப உப்புகூட ருசி பாக்க மாட்டோம். மிச்சத்தயா சாமிக்கு வைப்பாங்க?"

அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் சங்கடம்.

மனைவிக்கு அப்போது பேசவே மூச்சு வாங்கும். "அம்மா, முழுசோ மிச்சமோ, புள்ள இருந்தாதான நம்ம மலைக்கே போவோம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ்ஸி மாஸ்க்குக்குக் கீழன்னுதான சொன்னாங்க? கீழ மட்டும் எடுங்க. கன்னத்துல கை வைக்காதீங்க. நான் தூக்க முடியலிங்க, நீங்களாச்சும் தூக்குங்க" என்றாள்.

அத்தை எழுந்து கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவப் போனார். அன்றைக்கு அப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய், முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, அதன் விளிம்பு ஓடுகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே கத்திரிக்கோலால் ஒட்ட வெட்டிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற அந்த ஐந்து பிளேடு ரேஸரை எடுத்தேன். அது என் பழைய விரோதி. மற்றவர்களுக்கு அது மழிக்கும், எனக்கு அது உழும். முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்த பிளேடு தோலுக்கு உள்ளே வரைக்கும் வெட்டும், வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளைந்து வளரும். கழுத்து எங்கும் சிவப்புக் கொப்புளம், கொப்புளத்துக்குள் சீழ். இளவயது முதல் இதே கதைதான். தெரிந்தும் அதையே எடுத்தேன், அவசரம்.

மறுநாள் போகவில்லை, பட்டறையில் தப்பிக்க முடியாத வேலை. அதற்கு அடுத்த நாள் காலையில் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தேன். மிஸ்ஸி டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். "நானா இருக்கு என்சிக்" என்றார். நானா என்றால் மலாயில் சீழ். சீழ் இருக்கிற தோலில் அந்தப் பிள்ளையை வைக்க முடியாது, வைத்தால் கிருமி அவளுக்குப் போகும். ஆறின பிறகு வரச் சொன்னார். ஆறின பிறகு மறுபடி மழிக்க வேண்டும், மழித்தால் மறுபடி கொப்புளம் வரும் என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "அது நீங்க பாத்துக்கங்க. எனக்கு பாப்பாதான்" என்றார். அவர் மேல் வந்த கோபம் லிப்டில் இறங்குவதற்குள் என் மேலேயே திரும்பிவிட்டது.

அன்று மாலை மனைவி கேட்டாள், "இன்னிக்கு தூக்கினீங்களா?"

"இல்ல."

மறுநாளும் அதையே கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். பிள்ளை எடை ஏறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்திருக்கும், அதைக் கேட்கவில்லை. தூக்கினீர்களா என்பதை மட்டும்தான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் உடனே, "எப்படி இருந்தா?" என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒற்றைக் கத்தி, பழைய காலத்து மடக்குச் சவரக்கத்தி, அதுதான் வழி என்று அந்த நாட்களில்தான் புரிந்தது. ஒரே கூர், தோலின் மேல் ஒரே ஓட்டம், தோலுக்கு உள்ளே போகாது. லிட்டில் இந்தியாவில் சவரக்கடைகள் இருக்கின்றன, நல்ல கைகாரர்கள்தான். ஆனால் அவர்கள் கடை திறப்பதற்கு முன்பே நான் வார்டில் இருக்க வேண்டும். தினமும் மழித்தாக வேண்டும், ஒரு நாள் விட்டாலும் என் கழுத்து உப்புத்தாள் ஆகிவிடும். ஆகவே கத்தி சொந்தக் கத்தியாக இருக்க வேண்டும், கையும் சொந்தக் கையாக இருக்க வேண்டும்.

கைப்பேசியில் வீடியோ பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒருவர் மெல்லிய கத்திதான் உத்தமம் என்றார், அது முகத்தில் ஓடும்போது பாடுமாம். இன்னொருவர் கனமானதை வாங்கு என்றார். அவர்கள் தாடி பட்டுநூல் மாதிரி இருந்தது, இவர்கள் எனக்கு என்ன சொல்வது என்று கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

கேம்பல் தெருப் பக்கம் அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடுகிற அந்த நடைபாதையில், ஒரு பழைய கத்திக்கடை உண்டு. மீன் வெட்டுகிற கத்தி, தையல்காரர் கத்திரிக்கோல், தோட்டத்து அரிவாள் எல்லாம் கிடைக்கும். கல்லாவில் ஒரு சீன அம்மா. சவரக்கத்தி என்றதும் உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் வைத்தார். "ஆனே, இத பாரு. பரிசா குடுக்கலாம்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். எங்களை அவர்கள் கூப்பிடுகிற அண்ணே அப்படித்தான் ஒலிக்கும்.

அழகான கத்திதான். தந்தம் போல் வெள்ளைப் பிடி. அலகின் இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்துக் கடைந்து, கூர் காகிதத்தைவிட மெல்லியதாக இருந்தது. அலகைக் கட்டைவிரல் நகத்தின் மேல் படுக்க வைத்து லேசாக அழுத்தினேன். கூர் வளைந்து கொடுத்தது. அந்த இடத்தில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. லேத்தில் மெல்லிய வெட்டு டூலைக் கடினமான இரும்பில் கொடுத்துப் பார்த்தவனுக்குத் தெரியும், அது கடையாது, நடுங்கும். நடுங்கினால் இரும்பில் அலை அலையாகக் கோடு விழும். என் கழுத்தில் அந்தக் கோடு விழுந்தால் ரத்தம் வரும், ரத்தம் வந்தால் மிஸ்ஸி திருப்பி அனுப்புவார்.

"வேற காட்டுங்க ஆண்ட்டி. தடியா."

தடியான ஒன்றைக் கொடுத்தார். அது கோடரிக்குத் தம்பி. குழிவே இல்லை, முதுகிலிருந்து கூர் வரை நேராக இறங்கியது. எந்த முடியும் அதற்கு முன் நிற்காது. ஆனால் தாடையின் மூலைக்குக் கீழே, என் தாடி சுழி போட்டு நாலா பக்கமும் திரும்புகிற இடத்தில் அதைத் திருப்ப முடியாது என்று கையில் பிடித்ததுமே தெரிந்தது.

மூன்றாவதாக ஒன்று தட்டின் ஓரத்தில் கிடந்தது. கறுப்புப் பிடி, பார்க்க ஒன்றுமில்லை. முதுகு தடித்திருந்தது, வயிறு பாதிக்குப் பாதிதான் குழிந்திருந்தது. நகத்தில் அழுத்தினால் வளையவில்லை. அலகு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அகலம், கையைத் தளர்த்தினாலும் அதன் கனமே அதை இறக்கிக்கொண்டு போகும், நான் அழுத்த வேண்டியதில்லை. அழுத்துகிறவன்தான் வெட்டிக்கொள்வான். மற்ற இரண்டின் முனையும் சதுரமாக, குத்துகிற மாதிரி இருந்தது. இதன் முனை உருண்டை.

"அது துரு பிடிக்கும் ஆனே. இந்த வெள்ளை பிடிக்காது" என்றார் அந்த அம்மா. இந்த ஊர்க் கடற்காற்றில் ஆணிகூட ஒரு மழைக்குள் சிவந்துவிடும், அவர் சொன்னது சரிதான். ஆனால் துரு பிடிக்கிற இரும்பு தீட்டுக்கல்லுக்குச் சீக்கிரம் பணியும், கூர் நன்றாக ஏறும். துருவுக்குத் தேங்காயெண்ணெய் இருக்கிறது. பட்டறையில் தினமும் செய்கிற கணக்குத்தான்.

"தாடி வளத்திருக்க, கத்தி வாங்குற. எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் வெள்ளைப் பிடிக் கத்தியை எடுத்துத் தட்டில் போட்டுத் தட்டை உள்ளே தள்ளினார். கறுப்புக் கத்தியைப் பழைய சீனப் பத்திரிகைத் தாளில் சுற்றினார்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

"கழுத்துல அவசரப்படாத" என்று சொல்லிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

கடையில் வாங்குகிற கத்தி மழிக்கிற கூரோடு வராது. பட்டறையில் நைஸான தீட்டுக்கல் இருந்தது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, முதுகும் கூரும் சேர்ந்து கல்லில் படுகிற மாதிரி வைத்துப் பொறுமையாகத் தீட்டினேன். பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் இழுத்தேன். கை முடியில் வைத்துப் பார்த்தால், தொடும் முன்பே முடி விழுந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

கொப்புளங்கள் ஆறி அடங்கிய அன்று விடிந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். கர்வம் எல்லாம் அங்கே போய்விட்டது. இரும்பைக் கடைவது வேறு, இது வேறு. இரும்புக்கு ரத்தம் கிடையாது. வெந்நீர்த் துணியை வெகுநேரம் கழுத்தில் வைத்தேன், ஈரம் ஏறினால்தான் என் முடி இளகும். எந்தப் பக்கம் முடி படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தேன். வலது பக்கம் கீழ்நோக்கி, இடது பக்கம் மேல்நோக்கி, இடது தாடை மூலைக்குக் கீழே சுழி. இத்தனை வருடம் என் கழுத்து எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. சோப்பைக் குழைத்துப் பூசி, தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தேன்.

சரக் என்று ஒரு சத்தம். இழுக்கவில்லை. முடி போகிற போக்கில் ஒரு தடவை, அவ்வளவுதான். இன்னொரு தடவை எதிராக ஓட்டலாம் என்று கை துடித்தது, ஓட்டவில்லை. இடது பக்கச் சுழிக்கு வந்தபோது மூச்சை நிறுத்திக்கொண்டேன். முடித்துத் துடைத்துப் பார்த்தால் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. மேலே காட்டுத் தாடி, கீழே பச்சைப் பிள்ளை மாதிரி வெறும் கழுத்து. பார்க்கக் கேவலமாக இருந்தது. நான் அப்படியே கழிவறை மூடியின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

ஹாலில் படுத்திருந்த அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனபோது முகத்தை அல்தார் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமி மேடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மிஸ்ஸி டார்ச் அடித்தார். கையுறை போட்ட விரலால் தாடையிலிருந்து கழுத்துக் குழி வரை தடவினார். முகக்கவசத்தை மாட்டிவிட்டு, கன்னத்துத் தாடியை அதற்குள் செருகினார். "போலே" என்றார். முடியும் என்று அர்த்தம். அந்த வார்த்தையை என் வாழ்நாளில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் முதல் தடவை கேட்ட மாதிரி இருந்தது.

என் மகளை நெஞ்சில் வைத்தார்கள். கனமே இல்லை. சூடு மட்டும்தான் இருந்தது, அதுவும் கொஞ்சம்தான். குழாய்களைச் சரிசெய்து, என் தாடைக்குக் கீழே அவள் தலை வந்து பொருந்தியது. அவள் உச்சியில் தோல் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்ததை என் கழுத்தால்தான் உணர்ந்தேன், கண்ணால் பார்க்க முடியவில்லை. தலையை அசைக்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் மூச்சு எண்ணிக்கை ஏறி இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. மிஸ்ஸி அதைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கழுத்து மரத்துப்போனது, எழுந்திருக்கச் சொல்லும்வரை அசையவில்லை.

"இன்னிக்கு தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"எப்படி இருந்தா?"

நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்க இருந்தா" என்றேன். மனைவி கையை நீட்டி அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. ஒரு வாரம் பிள்ளைக்குக் கிருமி வந்து மூச்சு நின்று நின்று வந்தது. யாரும் தொடக் கூடாது என்றார்கள். அந்த வாரமும் நான் தினமும் விடிகாலையில் மழித்தேன். மழித்து, கத்தியைத் துடைத்து, எண்ணெய் தடவி மடக்கி வைத்துவிட்டுப் போவேன். மிஸ்ஸி இல்லை என்று தலையாட்டுவார். திரும்பி வருவேன். இன்றைக்குச் சரி என்று அவர் சொல்லிவிட்டால் என் கழுத்து தயாராக இருக்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அத்தை என்னோடு பேசாமலே இருந்தார். சாப்பாடு போடுவார், சோற்றைப் பார்த்துப் போடுவார். அவர் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பிள்ளைக்கு மூச்சு நின்ற வாரத்தில்தான் தெரிந்தது, அவருக்கும் பயம்தான். வாக்குத் தவறியதால்தான் இப்படி ஆகிறது என்று அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததற்காக அவரை இன்றும் கும்பிடலாம்.

குழந்தைகள் வார்டுக்குள் பெற்றவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு, பெரும்பாலும் திரை போட்டிருக்கும். கிருமி விலகி, பிள்ளையை மறுபடி என் நெஞ்சில் வைத்த அன்று, யாரோ திரையை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு ஓரத்தில் ஒரு புடவை தெரிந்தது. அத்தை கண்ணாடியில் கைவைத்து நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தாடைக்குக் கீழே பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் வெளியே வந்தபோது போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை குளியலறைக்குப் போனேன். வாளிக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய வெந்நீர், அதன் மேல் மடித்து வைத்த சுத்தமான துணி. அடுப்படியில் அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறவரை, ஒரு நாள் தவறாமல் அந்த வெந்நீர் இருந்தது.

மனைவிக்கு முதலில் வீடு வரக் கொடுத்துவைத்தது. பிறகு அவளும் நானும் மாற்றி மாற்றி நெஞ்சில் வைத்தோம். பிள்ளை ஒருநாள் தானாகவே மூச்சு விட்டது, குழாயை எடுத்தார்கள். ஒருநாள் தானாகவே பால் குடித்தது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று மிஸ்ஸி என் கழுத்தைப் பார்த்து, "இனிமே நீங்க விட்டுரலாம் என்சிக்" என்றார். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பிள்ளைக்குக் கழுத்து நின்ற பிறகு தண்ணீர்மலைக்குப் போனோம். இந்தத் தடவை எல்லோரும் படியேறினோம். மனைவி நடுவில் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள், பிள்ளையை அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் வரை நான் கழுத்தை மழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளை இன்னும் அங்கேதான் தூங்கும்.

முடியிறக்குகிற இடத்தில் உட்கார்ந்தேன். அங்கே மழிக்கிற தம்பி புது பிளேடை உரித்துக் கத்தியில் மாட்டப் போனார். அத்தை தன் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பழைய புடவைத் துணியில் சுற்றியிருந்தது என் கறுப்புக் கத்தி. அதை நான் வீட்டில் விட்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். பிடியில் மஞ்சள் பூசி ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"இதுலயே எடுங்க தம்பி. அவரு தாடிக்கு ஒங்க பிளேடு பத்தாது" என்றார்.

அந்தத் தம்பி கத்தியை விரித்துப் பார்த்து, எடை பார்க்கிற மாதிரி கையில் தூக்கிப் பிடித்தார். என் தாடியை நனைத்து, முகத்தை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் நின்றார்.

"என்னம்மா, கழுத்துல ஏற்கெனவே கத்தி பட்டிருக்கே. சாமிக்கு நேந்தது முழுசா இல்லியா?"

குறை சொல்லவில்லை அவர், தொழிலுக்கு உண்மையாகக் கேட்டார். மிஸ்ஸி, முகக்கவசம், குழாய் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடிக்க என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. முருகனுக்கே சொல்வதற்காகப் படி ஏறும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பதில். வாயைத் திறந்தேன்.

அத்தை முந்திக்கொண்டார். பிள்ளையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு வேண்டிக்கொண்ட அதே குரலில், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அது எங்க புள்ளைக்கு குடுத்தாச்சு தம்பி. மிச்சம்தான் சாமிக்கு."

அந்தத் தம்பி சரி என்று தலையாட்டிவிட்டு, என் வலது கன்னத்தில் கத்தியை வைத்தார்.